பில் இல்லாத கார் வாடகை

தஞ்சாவூருக்கு மேற்கே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் ஒப்பந்தக் கணக்காளர். அங்கிருந்த பெண் மருத்துவர் என்னைவிட இளையவர். அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

ஐப்பசி மழையில் ஒரு நாள், பிரசவமான பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் வேறொரு கேஸுக்குப் போயிருந்தது. டாக்டர் சாலையில் வந்த வாடகைக் காரை நிறுத்தி, அவளோடு தானும் ஏறித் தஞ்சாவூருக்குப் போனார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். நோயாளர் நலச் சங்கப் பணத்திலிருந்து வாடகையைக் கொடுத்தேன். டிரைவரிடம் பில் கிடையாது. வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கி வவுச்சரோடு சேர்த்தேன்.

தணிக்கைக்கு வந்தவர் அதைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

“இலவச ஆம்புலன்ஸ் இருக்கறப்ப வாடகைக் கார் எதுக்கும்மா?”

“அது வர்ற வரைக்கும் உசுரு தாங்காது சார்.”

“புரியுதும்மா. ஆனா பில்லும் இல்ல, முன் அனுமதியும் இல்ல. நான் எப்படி விடறது?”

அவர் கெட்டவர் இல்லை. கார் வாடகையை டாக்டரின் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பெரிய தொகை அல்ல. ஆனால் அதில் ‘முறைகேடான செலவு’ என்றிருந்ததை டாக்டர் திரும்பத் திரும்பப் படித்தார்.

தை அறுவடையின்போது, வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தவரைப் பாம்பு கடித்துவிட்டதென்று தூக்கிவந்தார்கள். விஷமுறிவு மருந்து ஏற்றியும் அவருக்கு இமைகள் சரிந்தன, பேச்சு குழறியது. தஞ்சாவூருக்கு உடனே அனுப்பியாக வேண்டும். ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றார்கள். எதிரே டீக்கடையில் ஒரு கார் நின்றது.

“கூப்பிடட்டுமா டாக்டர்?”

“இருங்கக்கா. ஆம்புலன்ஸ் வந்துரும்.”

கடிபட்டவரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “கொள்முதல் நிலையத்துல நெல்லு போட்ட காசு இன்னும் வரலம்மா, வந்ததும் குடுத்துடறேன்” என்று அழுதாள். டாக்டர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடிபட்டவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. நான் போய்க் காரைக் கூட்டிவந்தேன்.

“என் காசு டாக்டர். கணக்குல வராது. ஏறுங்க.”

பல நாள் செயற்கைச் சுவாசத்தில் இருந்து அவர் பிழைத்தார். அவரைத் தஞ்சாவூரில் சேர்த்துவிட்டு அன்றே திரும்பி வந்த டாக்டர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்.

“அந்தப் பணத்துக்காகவா நான் காத்திருந்தேன், அக்கா?”

கோடையில் அவர் மாறுதல் வாங்கிப் போனார். அவசரத்துக்குக் கார் வைத்தால் பில் இல்லாவிட்டாலும் நோயாளியின் உறவினர் கையெழுத்தே போதும் என்று சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போட வைத்தேன். மேலிடத்து ஒப்புதல் இன்னும் வரவில்லை. அவசரமென்றால் இப்போதும் எங்களில் யாராவதுதான் வாடகையைக் கொடுக்கிறோம்.