நுனியில் இரண்டு புள்ளிகள்

லேப் வேலையில் பாதி பார்ப்பது, மீதி காத்திருப்பது. காத்திருக்கிற பாதிதான் ஆளைத் தின்னும். ரிசல்ட்டுக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் நடை போட்டிருக்கிற உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஐம்பதுகளின் கடைசியில் புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். டிப்தீரியா என்கிற தொண்டை அடைப்பான் பரவுகிற மாதங்களில் என்னாலும் நாற்காலியில் உட்கார முடியாது.

முதல் பந்தி

குளத்தூர்ப் பக்கத்திலிருந்து ராமாயி என்ற அம்மாள் மகனைத் தூக்கிவந்தார். தொண்டை சிவந்து வீங்கியிருந்தது. டாக்டரம்மா பையனைத் தனி அறையில் வைத்தார். தொண்டையைப் பஞ்சால் தடவி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. தொண்டை அடைப்பான் கிருமி நன்றாகச் சாப்பிட்டால், மிச்சத்தைத் தன் உடம்புக்குள் மணிமணியாகச் சேர்த்து வைக்கும். அந்த மணிகள்தான் எங்களுக்கு அடையாளம். அதனால் அதற்குத் தீனி போட்டு வளர்த்து, மறுநாள்தான் சொல்ல முடியும் என்றேன்.

அம்மாள் பையனின் அறைக்கும் லேப் வாசலுக்குமாக அலைந்தார். மறுநாள் பார்த்தால் மணி எதுவும் இல்லை, சாதாரணப் புண்தான். பையனைத் தோளில் போட்டுக்கொண்டே சொன்னார்: "எம் புள்ள பச்சத்தண்ணி எறங்காமக் கெடந்துச்சு. ஒங்க ஆஸ்பத்திரியில கிருமிக்குத்தான் மொதப் பந்தி போடுறீங்க."

ஏற்றி வந்த சரக்கு

கோட்டைப்பட்டினத்து மீனவர் காதர் மைதீனின் மகள் ஜொகராவுக்கு அப்படியில்லை. தொண்டையில் பாலாடை மாதிரி சாம்பல் நிற ஆடை படர்ந்திருந்தது; மூச்சு இழுத்தது. டாக்டரம்மா ரிசல்ட்டுக்குக் காத்திராமல் விஷமுறிவு சீரம் ஊசி போட்டுவிட்டார். நான் சாயம் போட்டுப் பார்த்தேன். பச்சைக் குச்சிகளாகக் கிருமிகள், இரண்டு நுனிகளிலும் கருநீலப் புள்ளிகள்.

ஜன்னலுக்கு வெளியே நின்ற தகப்பனார், "என்ன சார் தெரியுது?" என்றார்.

"உள்ள வந்து பாருங்க. அந்தப் புள்ளிதான் கிருமி சேத்து வச்சிருக்கிற இருப்பு."

ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "நாலு நாள் தங்கு கடலுக்குப் போறப்ப நாங்க அரிசி, தண்ணி ஏத்துற மாதிரில்ல ஏத்திக்கிட்டு வந்திருக்கு."

அதன்பிறகு தினமும் ஜன்னலுக்கு வருவார். நான் கழுவிய கண்ணாடிச் சில்லையே மறுபடி கழுவிக்கொண்டிருப்பேன். ஆடை உரிந்து, ஜொகரா கஞ்சி குடிக்க ஆரம்பித்த பிறகு எடுத்த சாம்பிளில் குச்சி ஒன்றுகூட இல்லை. அதைச் சொன்னதும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "நானும் ஒருக்காப் பாத்துக்கிறேன் சார், அரிசி மூட்டையெல்லாம் எறங்கிருச்சான்னு."

என் வீட்டுத் தொண்டை

அதே சமயத்தில் என் மகளுக்குத் தொண்டை வலி வந்தது. நானே எடுத்து, நானே சாயம் போட்டு, நானே பார்த்தேன். எங்கு பார்த்தாலும் புள்ளி. வார்டுக்கு ஓடி டாக்டரம்மாவை அழைத்துவந்தேன். அவர் மைக்ராஸ்கோப்பைத் திருகித் திருகிப் பார்த்தார். நான் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் நிமிர்ந்தார். "குச்சியே இல்லைங்க. இது சாயக் கசடு. சாயத்த வடிகட்டி வைங்க. புள்ளைக்கு உப்புத்தண்ணி கொப்புளிக்கக் குடுங்க."

மொத்தத்தில், கண்ணுக்குத் தெரியாததைப் பார்த்ததற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். கண்ணெதிரே நின்றவர்களுக்குப் பதில் சொன்னதெல்லாம் இனாம்.