பேர் போகுது, படம் நிக்குது

மருத்துவமனையின் கணினிப் பிரிவில் எல்லோரும் அவளைக் குழப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அதுவும் முகத்துக்கு நேராகவே. கூட்டத்தில் யாராவது எதையாவது விளக்கி முடித்ததும் மற்றவர்கள் தலையாட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள். இவள் மட்டும், "எனக்கு இன்னும் குழப்பமா இருக்கு, மறுபடி சொல்லுங்க" என்பாள். சொன்னவருக்கே பாதிதான் தெரியும் என்பது அப்போது வெளியே வரும். அதனாலேயே அவளைக் கண்டால் ஆகாதவர்களும் உண்டு.

படித்தது விலங்கியல். கணவரின் தையல் கடை படுத்துவிட்ட சமயத்தில் நோயாளிகள் விவரத்தைத் தட்டச்சு செய்யும் வேலைக்கு வந்தவள், அறுந்த கேபிளை மாற்றப் போய், நின்ற கணினியைத் தட்டி எழுப்பப் போய், மெல்ல மெல்ல சர்வர் அறைக்கே பொறுப்பாளி ஆகிவிட்டாள். வெளியே வெயில் கொளுத்தும்போதும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அந்தக் குளிர் அறைக்குள் போவாள். அங்கிருந்த சர்வர்களை ஒன்றாகப் பிணைத்து, மருத்துவமனை தனக்கென்று சொந்தமாக ஒரு கிளவுட் வைத்திருந்தது. அந்தச் சர்வர்களுக்குள்ளே, கையால் தொட முடியாத, மென்பொருளால் மட்டுமே ஆன கணினிகள் ஓடும். மெய்நிகர் கணினி என்பது பாடப்புத்தகப் பெயர். வேலை பார்க்கிறவர்கள் வாயில் அது வி.எம். ஒரு சர்வரில் பாரம் கூடினால், யாரையும் கேட்காமல் வி.எம். இன்னொரு சர்வருக்குக் குடி மாறிவிடும்.

அவளுடைய தங்கை கீழ்த்தளத்தில் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்தாள். அவள் எடுக்கும் படங்கள் ஒரு வி.எம்.முக்குப் போகும், அங்கிருந்துதான் டாக்டர் பார்ப்பார்.

ஒருநாள் மதியம் தங்கை போன் செய்தாள். "அக்கா, படம் போக மாட்டேங்குது."

அக்கா தன் மேசையிலிருந்தே அந்த வி.எம்.மைக் கூப்பிட்டுப் பார்த்தாள். பிங் என்பார்கள், ஆள் இருக்கிறாரா என்று கதவைத் தட்டிப் பார்ப்பதைப் போன்றது. தட்டிய ஒவ்வொரு முறையும் பதில் வந்தது.

"இங்கேர்ந்து எல்லாம் நல்லாத்தான்டி இருக்கு. நீ சரியா அனுப்பினியா?"

"நீயுமா? மேல டாக்டரும் அதையேதான் கேக்கறார்" என்று தங்கை போனை வைத்துவிட்டாள்.

சந்தேகத்துக்கு அக்கா வி.எம்.மை நிறுத்தி மறுபடி கிளப்பினாள். படங்கள் மளமளவென்று போயின. அப்பாடா என்று வீட்டுக்குப் போனாள். மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி என்ற கதைதான். வி.எம்.மின் நெட்வொர்க் அட்டையை மாற்றினாள். சரியானது, பிறகு கெட்டது. பாதுகாப்பு விதிகளைத் தளர்த்தினாள், ஒன்றும் ஆகவில்லை. பழையபடி இறுக்கினாள், தானாகச் சரியாகிவிட்டது. இதற்கு என்ன அர்த்தம்? மேலாளர் எட்டிப் பார்த்து, "வைரஸா இருக்கும்" என்றார். எந்த வைரஸ் மதியம் வந்து சாயங்காலம் போகும் என்று அவள் கேட்டதும் எட்டிப் பார்த்த தலையை இழுத்துக்கொண்டார்.

இதற்கிடையில் எக்ஸ்ரே அறையில் அலட்சியம் என்று டாக்டர் புகார் கொடுத்துவிட்டார். விளக்கம் கேட்டு தங்கைக்கு மெமோ வந்தது. வழக்கமாக வேலை முடிந்து அக்காவுடன் பேசிக்கொண்டே நடப்பவள், அன்று முந்திக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

இரவுச் சாப்பாட்டின்போது அக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புரியலைன்னா புரியலைன்னு சொல்லிட வேண்டியதுதானே? ஊருக்கே சொல்றவதானே நீ" என்றார் கணவர்.

"எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு."

"உன் தங்கச்சிகிட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. அவளிடம் மட்டும், இங்கேர்ந்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

காலையில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எக்ஸ்ரே அறைக்குப் போனாள். தங்கை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"எனக்கு ஒண்ணுமே பிடிபடலைடி. நீ பாட்டுக்கு அனுப்பு. நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன்."

முழங்கை அடிபட்ட ஒருவருக்குப் படம் எடுத்து தங்கை பொத்தானை அழுத்தினாள். நோயாளியின் பெயரும் வயதும் உடனே போய்ச் சேர்ந்தன. படம் மட்டும் நகரவே இல்லை.

"எப்பவும் இதேதான். பேர் போகும், படம் நின்னுடும்."

"இதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீ எங்க கேட்ட? சரியா அனுப்பினியான்னுதானே கேட்ட."

அக்காவுக்குச் சுருக்கென்றது. சின்னது போகிறது, பெரியது நிற்கிறது. இதுவரை அவள் அனுப்பிப் பார்த்த பிங் எல்லாமே சின்னவை. அங்கேயே உட்கார்ந்து அளவில் பெரிய பிங் அனுப்பினாள், பதிலே இல்லை. வி.எம். அப்போது எந்தச் சர்வரில் இருக்கிறது என்று பார்த்து, தானே அதை வேறொரு சர்வருக்கு மாற்றினாள். பெரிய பிங் பதிலோடு திரும்பியது, படமும் போனது. பழைய சர்வருக்கே திரும்பத் தள்ளினாள். நின்றது.

"போய்க்கிட்டிருந்ததை ஏன்க்கா மாத்தினே? அங்கேயே இருக்கட்டும்!" என்று கத்தினாள் தங்கை. கத்தியதில் முழங்கைக்காரர் பயந்துபோனார்.

அந்தச் சர்வரை மற்றவற்றோடு பிணைக்கும் நெட்வொர்க் பெட்டியில், ஸ்விட்ச் என்பார்களே, அதில்தான் கோளாறு. வி.எம். அந்தச் சர்வருக்குக் குடி வந்தபோதெல்லாம் படம் நின்றது, வேறொன்றுக்குப் போனதும் தானாகச் சரியானது. கிளவுடுக்குள் தகவல் பாக்கெட் என்னும் துண்டுகளாகப் போகும், ஒவ்வொன்றுக்கும் மேலே ஓர் உறை போடப்படும். உறையோடு சேர்ந்து பெருத்துவிட்டதை அந்த ஸ்விட்ச் உள்ளே விடாமல், ஒரு வார்த்தை சொல்லாமல், கீழே போட்டுக்கொண்டிருந்தது. அளவு வரம்பை உயர்த்தியதும் தொல்லை தீர்ந்தது.

மெமோ திரும்பப் பெறப்பட்டது. டாக்டர் வருத்தம் எதுவும் தெரிவிக்கவில்லை. தங்கையைக் கண்டால் வணக்கம் மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

அந்த வரம்பு ஏன் அவ்வளவு குறைவாக இருந்தது என்பதுதான் அக்காவுக்கு விளங்கவில்லை. அந்த ஸ்விட்சைப் பொருத்தியவரைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"வரம்பை நான்தான் மேடம் உயர்த்தினேன். சோதிச்சும் பாத்தேன்" என்றார் அவர்.

அவர் பொய் சொல்வதாகத் தெரியவில்லை. பிறகு யார் குறைத்தது? கரண்ட் போய் வந்ததில் பழைய அளவுக்குத் திரும்பியிருக்குமோ? பதிவுகளைத் துருவினாள், கோளாறு தொடங்கிய வாரத்துப் பதிவே அழிந்திருந்தது.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அதைத் தங்கையிடம் சொன்னாள்.

"அப்போ மறுபடியும் கெடுமா?"

"தெரியலைடி."

"கெட்டா முதல்ல என்கிட்ட வா" என்றாள் தங்கை. குரலில் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.