தாண்டவராயனின் இரண்டு வக்கீல்கள்

அம்மா இறந்த செய்தி, தாம்பரத்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்குக் காலை பத்தரை மணிக்கு வந்தது. என் தம்பி தாண்டவராயனுக்குக் கடன் கொடுத்த இருவருக்கும் அது எட்டு மணிக்கே போய்விட்டிருந்தது. மகளுக்கு முன்னால் அவர்களுக்கு ஆள் அனுப்பியவர் எங்கள் அண்ணன் வெங்கடேசன்.

காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் பக்கத்தில் அப்பனுக்கு மூத்தவன் கொள்ளி வைப்பான், தாய்க்கு இளையவன். இளையவன் தலைமறைவாக இருந்தான். கடன் கொடுத்தவர்கள் வாசலில் உட்கார்ந்திருந்தால் அவன் ஊர் எல்லையைக்கூட மிதிக்கமாட்டான். கொள்ளியை அண்ணனே வைத்துவிடலாம். அதோடு, அம்மாவுக்கு அவள் அப்பா கொடுத்த ஒரு ஏக்கர் நிலத்தில் தம்பிக்குப் பங்கு இல்லை என்று சொல்லிவிடலாம்.

தாண்டவராயன் சோம்பேறி அல்ல. சோம்பேறியாக இருந்திருந்தால் கடன் அவ்வளவு ஏறியிருக்காது. மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் ஹெல்பராக இருந்தவன், ஷிப்டுக்குப் போகிறவர்கள் பஸ்ஸில் தொங்குவதைப் பார்த்துப் பழைய வேன் ஒன்றை வாங்கினான். வேனுக்கு அடித்த பெயின்ட் காய்வதற்குள் கம்பெனியே சொந்தமாக பஸ் விட்டது. வேனை விற்றுவிட்டுப் பந்தல், நாற்காலி வாடகைக் கடை போட்டான். திறப்பு விழா ஆடி மாதம் முதல் தேதி. கல்யாணமே நடக்காத மாதத்தில் கடை திறந்தால் போட்டிக்கு யாரும் வரமாட்டார்கள் என்று என்னிடம் பெருமையாகச் சொன்னான். வாடிக்கைக்காரர்களும் வரவில்லை. படப்பையில் ஃபைனான்ஸ் நடத்தும் சுப்பிரமணி பந்தல் சாமான்களை அள்ளிக்கொண்டு போனான். அது வட்டிக்குத்தான் சரியாக இருந்தது. எங்கள் ஊரிலேயே தினமும் வசூலிக்கும் தண்டலுக்குப் பணம் விடும் முனியம்மாளுக்கு அள்ள எதுவும் மிஞ்சவில்லை. தம்பி சுங்குவார்சத்திரத்தில் ஒரு நண்பன் அறைக்கு ஓடிவிட்டான். இடம் இருவருக்கும் தெரியும்; கையில் காசில்லாதவனைப் பிடித்து என்ன செய்வது என்று விட்டிருந்தார்கள்.

நான் சேரப்பணஞ்சேரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் தம்பியின் பந்தல் நின்றது. தம்பியின் நாற்காலிகளில் ஊர் உட்கார்ந்திருந்தது. எல்லாவற்றையும் கொண்டுவந்து போட்டிருந்தவன் சுப்பிரமணி. முனியம்மாள் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள். தண்டல் கேட்டு வரும்போதெல்லாம் அம்மா அவளுக்கு மோர் கொடுத்து, பேச்சுக் கொடுத்து, வந்த காரியத்தை மறக்கடித்து அனுப்பிவிடுவாள். இனி அந்த வீட்டில் மோர் கொடுக்க ஆள் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மதியம் ஆனது. எடுக்க நேரமாகிறது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அண்ணன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பெத்த தாய்க்கு வராதவன் இன்னா புள்ள? நானே வெக்கிறேன். கொள்ளி வெக்காதவனுக்கு நெலத்துல பங்கும் கெடையாது. ஊரே சாட்சி."

சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் வாயைத் திறந்திருந்தால் பிறகு நடந்த வேடிக்கை நடந்திருக்காது. திறக்கவில்லை.

முனியம்மாளின் அழுகை பட்டென்று நின்றது. மூக்கைச் சிந்திவிட்டுச் சுப்பிரமணியிடம் போனாள்.

"இன்னாடா சொல்றான் இவன்? பங்கு இல்லன்னா நம்ம துட்டு?"

"அதான் யக்கா நானும் ரோசனை பண்ணிகினு கீறேன்."

"அப்ப ஏன் குந்திகினு கீற? வண்டிய எடு."

அண்ணன் குறுக்கே வந்தார். "எங்க போறீங்க?"

"உன் தம்பிய இட்டாறத்தான்," என்றாள் முனியம்மாள். "நாங்க வர்ற வரைக்கும் ஆத்தாள எடுத்த, அவ்ளோதான்."

பொழுது சாய்வதற்குள் சுப்பிரமணியின் மோட்டார் சைக்கிள் திரும்பி வந்தது. முன்னால் சுப்பிரமணி, பின்னால் முனியம்மாள், நடுவில் நசுங்கிப்போய் தாண்டவராயன். இறங்கியதும் அம்மாவின் காலில் விழுந்து கதறினான். முனியம்மாள் முதுகைத் தட்டினாள்.

"அப்பறமா அழுவலாம். மொதல்ல தலைய செரைச்சிக்க. உன் அண்ணன் பாத்துகினு கீறான்."

சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. தெருமுனையில் நின்று, "கைய வுட்றாத சுப்பிரமணி!" என்று அவள் கத்தியது கடைசி வீடு வரை கேட்டது. நீர்க்குடத்தைத் தோளில் வைத்துத் தம்பி சுற்றியபோது சுப்பிரமணி வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு கூடவே சுற்றினானாம். ஒரு சொந்தக்காரர், "நீ யாருப்பா, அவனுக்கு மச்சானா?" என்று கேட்டிருக்கிறார். "அதுக்கும் மேல," என்றானாம்.

கருமாதி வரை தீட்டு. தீட்டு வீட்டில் கடன் கேட்கக் கூடாது என்பதால், முனியம்மாள் தினமும் வாசலில் நின்று, "சாப்ட்டியாடா?" என்று மட்டும் கேட்டாள். அதையும் தண்டல் கேட்கிற குரலில்தான் கேட்டாள். தம்பி பயத்தில் இரண்டு முறை சாப்பிட்டான்.

கருமாதி முடிந்த மறுநாள் பங்குப் பேச்சு. அண்ணன் தன் பக்கத்துக்கு யாரையும் கூட்டிவரவில்லை. தம்பி பக்கத்தில் அந்த இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அவன் பங்கத்தான் எப்பவோ துன்னுட்டானே," என்றார் அண்ணன்.

"துன்னது எங்க துட்டு அண்ணே," என்றான் சுப்பிரமணி. "நெலம் அப்படியே கீது."

"காவேரி எனக்கு வுட்டுக் குடுத்துடுவா. கட்டிக் குடுத்த பொண்ணு," என்று அண்ணன் என் பக்கம் கையைக் காட்டினார்.

முனியம்மாள் என்னைப் பார்த்தாள். "இன்னாம்மா, குடுப்பியா?"

"மாட்டேன்," என்றேன். அன்று நான் பேசியது அவ்வளவுதான்.

மூன்று பங்கு என்று முடிவானது. தம்பியின் பங்கு ஒரகடம் ரோட்டை ஒட்டி, அண்ணன் வேர்க்கடலை போடும் பக்கத்துக்கு அடுத்தது. முனியம்மாள் நிதானமாகச் சொன்னாள்:

"கடனுக்கு நானும் சுப்பிரமணியும் அதுல ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கறோம். நான் அங்கியே ஒரு குடிசை போட்டுகினு குந்திக்கறேன். உனுக்கும் பேச்சுத் துணையாச்சி, வெங்கடேசா."

அண்ணன் முகம் மாறியது. பிறகு, தம்பியின் கடன் இரண்டையும் தானே அடைப்பதாகவும், அதற்குப் பதில் அவன் பங்கில் பாதியை எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். ஆயுள் முழுக்க முனியம்மாளைப் பக்கத்து நிலத்துக்காரியாக வைத்திருப்பதைவிட அது அவருக்கு மலிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

தம்பிக்கு ரோட்டோரம் பாதி மிஞ்சியது. அதில் பஞ்சர் கடை போடப்போகிறான். அந்த ரோட்டில் சைக்கிள்களைவிட மாடுகளே அதிகம் என்று சொன்னேன். அதனால்தான் போட்டி இருக்காது என்றான்.

எல்லைக்குக் கருங்கல் நான்கு வாங்கினார்கள். மூன்றை நட்டாயிற்று. நான்காவது, அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் வருவது. குழியை யார் தோண்டுவது என்று இருவரும் இன்னும் பேசி முடிக்கவில்லை. கல் வேலியோரம் படுத்திருக்கிறது.