நுரைக்குக் கீழே ஒரு கோடு

தனக்கோடியைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் மனைவி, "பீர் ஊத்துறவரைப் பத்தி எழுத என்ன இருக்கு?" என்று கேட்டாள். இந்த ஊரில் கம்ப்யூட்டர் கம்பெனி வைத்தவனைப் பற்றி மட்டும்தான் எழுத வேண்டும் என்று சட்டமா என்ன? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தனக்கோடி ஆஸ்டின் டவுன்காரர். 1991இல், பெங்களூரில் சந்துக்கு ஒரு பப் முளைத்துக்கொண்டிருந்தபோது, பிரிகேட் ரோட்டுக்குப் பின்னால் கோவிந்தப்பா என்பவர் திறந்த பப்பில் வேலைக்குச் சேர்ந்தார். வாசலில் பெரிய எழுத்தில் ஏதோ இங்கிலீஷ் பெயர் தொங்கியது. அதை ஒருவரும் வாயில் வைத்ததில்லை. எங்களுக்கு அது கோவிந்தப்பா கடை. நான் அல்சூரில் மோட்டாருக்குக் காயில் கட்டிக் கொடுப்பவன். சனிக்கிழமை சாயங்காலமானால் கையில் ஒட்டிய வார்னிஷைத் தேய்த்துக் கழுவிவிட்டு அங்கே போய்விடுவேன்.

அந்தக் காலத்துக் குடிகாரர்களின் நம்பிக்கைகளைக் கேட்டால் சிரிப்பீர்கள். பீரில் கிளிசரின் கலக்கிறார்கள் என்று சொல்லி, பாட்டிலைத் திறந்து தண்ணீர் டம்ளரில் தலைகீழாகக் கவிழ்த்து, கிளிசரின் இறங்குகிறதா என்று நாலு பேர் குனிந்து பார்ப்பார்கள். அதைவிடப் பெரிய நம்பிக்கை, நுரை என்பது திருட்டு என்பது. இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. பல பப்களில் மக்கில் மூன்றில் ஒரு பங்கு நுரையைப் பொங்கவிட்டு, மிச்சம் பிடித்த பீரை வேறு கணக்கில் விற்றார்கள். காசு கொடுத்துக் காற்றையா குடிப்பது என்று தினம் ஒரு சண்டை நடக்கும்.

தனக்கோடி கையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மக்கை நன்றாகச் சாய்த்துப் பிடித்து, குழாயைக் கண்ணாடிச் சுவரோடு ஒட்டி, பீரைச் சத்தமில்லாமல் வழியவிடுவார். விளிம்பு வரைக்கும் பொன்னிறத் திரவம் நிற்கும். மேலே நுரை என்று பேருக்குக்கூட இருக்காது. அதைச் சிந்தாமல் மேசைக்குக் கொண்டுவந்து வைப்பார். "தனக்கோடி ஊத்துனா குறையாது" என்பது அந்தச் சந்தில் எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் அதில் கொள்ளைப் பெருமை. வேறு பப்காரர்கள் கூடுதல் சம்பளம் சொல்லிக் கூப்பிட்டார்கள். "அங்க போனா நுரை ஊத்தச் சொல்லுவாங்கண்ணா. பேரு கெட்டுடும்" என்று என்னிடம் சொன்னார்.

இப்படிப் பதினேழு வருஷம் போனது. 2008இல் ஆராவமுதன் வந்து சேர்ந்தார்.

கும்பகோணத்து ஐயங்கார் வீட்டுப் பிள்ளை, சாப்ட்வேர் வேலை. கம்பெனி இரண்டு வருஷம் மியூனிக்குக்கு அனுப்பியிருந்தது. மற்றவர்கள் சாக்லேட்டோடு திரும்பினால் இவர் பீர் காய்ச்சும் படிப்போடு திரும்பினார். வேலையை விட்டுவிட்டு, பீன்யாவுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு சின்ன பீர் ஆலையில் பங்குதாரராகச் சேர்ந்தார். ஊரில் அம்மாவிடம் பார்லி கம்பெனி என்று சொல்லிவைத்திருந்தார். அது பொய்யும் இல்லை.

சின்ன அளவில் காய்ச்ச ஆரம்பித்திருந்த மற்ற ஆசாமிகள் கசப்பு பீர், கறுப்பு பீர், பழம் போட்ட பீர் என்று வித்தை காட்டிக்கொண்டிருந்தார்கள். ஆராவமுதன் மட்டும் ஜெர்மன்காரர்களின் பழைய வெளிர் லாகரைப் பிடித்துக்கொண்டார். சர்க்கரை கிடையாது, அரிசி கிடையாது. பார்லி மால்ட், ஹாப்ஸ் என்கிற கொடிப்பூ, ஈஸ்ட், தண்ணீர், அவ்வளவுதான். காய்ச்சிவிட்டு வாரக்கணக்கில் குளிரில் சும்மா போட்டு வைக்க வேண்டும். "இதுல ஒளிச்சு வைக்க ஒண்ணும் கிடையாது. தப்பு பண்ணினா முதல் வாயிலேயே தெரிஞ்சுடும்" என்பார். பெரிய கம்பெனிக்காரர்கள் அவசரத்தில் கெடுத்துவைத்த ஒன்றை மறுபடி ஒழுங்காகச் செய்து காட்டுவதில் அவருக்கு அப்படி ஒரு வெறி.

அந்த பீரைத் தன் கடையில் விற்க கோவிந்தப்பா சும்மா சம்மதிக்கவில்லை. "ஒந்து திங்களு பாக்கறேன். விக்கலேன்னா உன் பீப்பாயை நீயே எடுத்துட்டுப் போயிடணும்" என்று ஒரு மாதம் கெடு வைத்தார்.

முதல் சனிக்கிழமை ஆராவமுதனே கவுண்டருக்குள் நின்று ஊற்றினார். மக்கின் மேலே இரண்டு விரல் உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று நுரை. அதைப் பெருமாள்சாமியின் மேசையில் கொண்டுபோய் வைத்தார். வேறு யார் மேசையிலாவது வைத்திருக்கலாம். பெருமாள்சாமி பீன்யாவில் ஒரு பேரிங் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் உருப்படியைத் திருப்பி அனுப்பியே காலம் கழித்த மனிதர். நுரையை விரலால் அளந்து பார்த்தார்.

"ஏம்பா, இதை ஷேவிங் பண்ண வெச்சிருக்கியா, குடிக்க வெச்சிருக்கியா?"

கடையே சிரித்தது. யாரோ, "தனக்கோடியைக் கூப்பிடுங்கப்பா!" என்று கத்தினார்கள். நானும் கத்தினேன் என்று நினைக்கிறேன். தனக்கோடி வந்து வழக்கம்போல மக்கைச் சாய்த்து நுரையில்லாமல் ஊற்றிக் கொடுத்தார். சண்டை அடங்கியது. ஆனால் அரை மணி நேரத்தில் வேறு தொல்லை தொடங்கியது. இதில் வாயு பழைய பீரைவிட அதிகம். நுரையாக வெளியே போகவேண்டிய வாயு எல்லாம் பீரிலேயே தங்கி, எங்கள் வயிற்றுக்குள் போய் நுரைத்தது. மேசைக்கு மேசை ஏப்பம். வாசனையும் ஒன்றும் எழவில்லை. "கேஸ் பீர்" என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டு எல்லாரும் பழைய பீருக்கே போய்விட்டோம்.

அடுத்த இரண்டு வாரமும் இதே கூத்து. ஆராவமுதன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு மத்தியானம், கடை திறப்பதற்கு முன்னால், அவருக்கும் தனக்கோடிக்கும் பேச்சு முற்றியது. கெட்டுப்போன எக்ஸாஸ்ட் ஃபேன் மோட்டாரைக் கழற்ற நான் ஸ்டூல் மேல் ஏறியிருந்தேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

"நுரை வந்தாத்தான் அந்த வாசனை மேல வரும். நீங்க ஊத்தறது என் பீரே இல்லை தனக்கோடி. காபியை நுரை இல்லாம குடுத்தா குடிப்பேளா?"

"காபி நுரைக்கு அடியில எவ்ளோ இருக்குன்னு எவனும் சண்டைக்கு வரமாட்டான் சார். இங்க வருவான். நீங்க நாளைக்கு வேற பப்புக்குப் போயிடுவீங்க. நான் இங்கயேதான் நிக்கணும். இத்தனை வருஷமா ஒருத்தனுக்கும் குறைச்சதில்லை. இப்போ என் கையால நுரை ஊத்தச் சொல்றீங்க. திருடன்னு சொல்லுவாங்க சார் என்னை!"

கடைசி வார்த்தையில் தனக்கோடியின் குரல் உடைந்தது. அந்த மனிதரிடம் இருந்த ஒரே சொத்து அந்தப் பெயர்தான், அதைப் போய்க் கேட்கிறாரே என்று ஆராவமுதன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஆராவமுதன் சமாதானமாகச் சொன்னார்: "ஜெர்மனியில யாரும் திருடன்னு சொல்றதில்லையே. கிளாஸ்லயே கோடு போட்டிருப்பா. பீர் கோட்டைத் தொடணும், நுரை கோட்டுக்கு மேல. அவ்வளவுதான்."

தனக்கோடி கேட்டார்: "இதை மொத நாளே சொல்றதுக்கு என்ன சார்?"

"இது எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சுட்டேன்" என்றார் ஆராவமுதன்.

கோடு போட்ட கிளாஸுக்கு எங்கே போவது? கோவிந்தப்பாவிடம் புதிதாக வாங்கச் சொன்னால் பீப்பாயை அன்றைக்கே வெளியே உருட்டியிருப்பார். ஆனால் எப்போதோ மில்க்‌ஷேக் போடுகிறேன் என்று அவர் வாங்கி, ஒரு நாளும் போடாமல், குடோனில் தூசி ஏற்றிவைத்த உயரமான கண்ணாடி கிளாஸ்கள் இருந்தன. பீரும் கொள்ளும், நுரைக்கும் இடம் இருக்கும். ஆராவமுதன் ஒரு கிளாஸில் தண்ணீரை அளந்து ஊற்றி, மார்க்கர் பேனாவால் அடையாளம் வைத்துக் கொடுத்தார். மாதத்தின் கடைசி சனிக்கிழமை காலையில் தனக்கோடி எல்லாவற்றையும் வைக்கோல் பெட்டியில் அடுக்கி, ஆட்டோவில் ஏற்றி சிவாஜிநகர் கொண்டுபோனார். அங்கே ஒரு பாத்திரக் கடை வாசலில் எவர்சில்வருக்குப் பெயர் வெட்டும் பாய் ஒருவர் உண்டு. கல்யாணச் சீர்ப் பாத்திரத்துக்குப் பாதி கன்டோன்மென்ட் அவரிடம்தான் போகும். கண்ணாடியில் இழுக்க முடியுமா என்று கேட்டதற்கு, "ஊசி மாத்தினா ஆவும். ஒண்ணு ரெண்டு உடைஞ்சா என்னைக் கேக்கக்கூடாது" என்றார். "பேரு?" என்றும் கேட்டார். ரசீதுக்குக் கேட்கிறார் என்று நினைத்து, "தனக்கோடி" என்று சொல்லிவிட்டு இவர் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

சாயங்காலம் கடைக்குப் பெட்டி வந்தது. பிரித்தோம். ஒவ்வொரு கிளாஸிலும் அச்சாக ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, குண்டு குண்டான தமிழ் எழுத்தில், "தனக்கோடி".

பாயைச் சொல்லிக் குற்றமில்லை. பெயர் வெட்டாமல் ஒரு பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது அவர் தொழிலிலேயே கிடையாது. கோடு அலங்காரத்துக்கு, பெயர்தான் வேலை என்று நினைத்திருக்கிறார்.

கோவிந்தப்பா ஒரு கிளாஸை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "ஏனய்யா இது? கடை என்னுது, கிளாஸ் என்னுது, பேரு உன்னுதா?" என்று குதித்தார். தனக்கோடிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஓனரே, சத்தியமா நான் சொல்லலை" என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஆராவமுதன் மட்டும் பெட்டி மேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். பழைய மக்கில் ஊற்றினால் மறுபடி நுரைச் சண்டைதான். ஆட்களும் உள்ளே வர ஆரம்பித்துவிட்டார்கள். மாதமும் அன்றோடு முடிகிறது. வேறு வழியில்லை.

தனக்கோடி முதல் கிளாஸை எடுத்தார். சாய்த்துப் பாதி ஊற்றினார். பிறகு நிமிர்த்தி, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, தன் கையால் நுரையை எழவிட்டார். அது சற்று அமர்ந்ததும் மறுபடி ஊற்றினார். அதைப் பெருமாள்சாமி முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

பெருமாள்சாமி கிளாஸைத் தொடவில்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோட்டைப் பார்த்தார், நுரையைப் பார்த்தார், எழுத்துக் கூட்டிப் பெயரைப் படித்தார். "நுரை அடங்கட்டும்" என்றார். நாங்கள் எல்லாரும் எங்கள் கிளாஸை விட்டுவிட்டு அந்த மேசையைச் சுற்றி நின்றோம். நுரை இறங்கி இறங்கி, வெள்ளை மெலிந்து, ஓரத்தில் ஒரு வளையமாக ஒட்டிக்கொண்டது. பீர் கோட்டுக்கு மேலே நின்றது.

"ஒரு நூல் ஜாஸ்தி ஊத்தியிருக்கேப்பா" என்றார் பெருமாள்சாமி.

"பேரு போட்டாச்சுல்லண்ணா" என்றார் தனக்கோடி. "கோட்டைத் தொட்டும் தொடாம ஊத்த மனசு வரலை."

காத்திருந்ததில் அந்த பீர் செத்துப்போயிருந்தது. பெருமாள்சாமி ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்துவிட்டு, இன்னொன்று கொண்டுவரச் சொன்னார். அதை நுரை அடங்கவிடாமல் எடுத்துக் குடித்தார். நுரை ஒட்டிய வெள்ளை மீசையோடு நிமிர்ந்து, "அடப்பாவி! இதையா இத்தனை நாளா கேஸ்னு சொன்னோம்?" என்றார். அப்புறம் மேசைக்கு மேசை கேட்டதில் தனக்கோடியால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. நானும் குடித்தேன். புதிதாகப் பிட்ட ரொட்டியின் வாசனை, பின்னால் மெல்லிய கசப்பு, தொண்டையில் ஒரு சுத்தம். இவ்வளவு சாதாரணமான ஒன்று இவ்வளவு நன்றாக இருக்க முடியுமா என்ற சந்தோஷத்தில் இன்னொன்று கேட்டு வாங்கினேன். பீப்பாய் அன்றைக்கே காலி. ஆராவமுதன் யாரோ ஒரு மெக்கானிக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஜெர்மனில் பாடினார்.

தனக்கோடி உடைசல் விளிம்புள்ள ஒரு கிளாஸை வீட்டுக்கு எடுத்துப் போனாராம். அவர் மனைவி ஷோபா கடைத்தெருவில் என்னைப் பார்த்தபோது, "எங்க வீட்டுச் சொம்பு, குண்டான் எல்லாத்துலயும் எங்கப்பா பேருதான் இருக்கு. இப்போதான் இவரு பேரு ஒண்ணுல வந்திருக்கு. அதுவும் எதுல பாருங்கண்ணா!" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பெருமை தாங்கவில்லை அவருக்கு.

மறு வருஷத்துக்குள் பாதி கிளாஸ் உடைந்தது. மீதியில் பாதியை வாடிக்கையாளர்களே பையில் போட்டுக்கொண்டு போனார்கள். கோவிந்தப்பா, கடைப் பெயரைப் பொன் எழுத்தில் அச்சடித்த புதுக் கிளாஸ்களை வாங்கி இறக்கினார். அதிலும் கோடு இருந்தது, அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் முதல் நாளே, "தனக்கோடி கிளாஸ்ல குடுங்கப்பா" என்று மேசைக்கு மேசை கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கோவிந்தப்பா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். எட்டாம் நாள் காலையில், புதுக் கிளாஸ் அத்தனையையும் தானே பெட்டியில் அடுக்கி, சிவாஜிநகருக்குப் போக ஆட்டோ பிடித்தார்.

பெட்டியைத் தூக்கிவிட்ட தனக்கோடி கூச்சத்தோடு சொன்னார்: "ஓனரே, இந்தத் தடவை உங்க பேரையே போடச் சொல்லுங்க. அதான் முறை."

கோவிந்தப்பா ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நன் ஹெசரா? என் பேரைப் போட்டா எவன்யா நம்புவான்?" என்றார்.