பிரேக் பிடிக்கும் சப்பாத்துகள்

சப்பாத்துக் கடையில் வேலை செய்கிறவளுக்கு மனிதர்களின் முகம் கடைசியாகத்தான் தெரியவரும். முதலில் தெரிவது பெருவிரல்.

ஹட்டன் பஜாரில் ஒரு சின்னச் சப்பாத்துக் கடையில் ஐந்து வருஷமாக நிற்கிறேன். துணிக்கடையிலும் பாத்திரக்கடையிலும் மருந்துக்கடையிலும் என்னைப்போல் நாள் முழுக்க நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொள்கிற சகோதரிகளே, இது உங்களுக்குத்தான். பிள்ளை இப்போதுதான் தூங்கினான். எழும்புவதற்குள் எழுதிவிடப் பார்க்கிறேன்.

எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் சைக்கிள்காரர்கள். பாண் ரொட்டி விற்கிறவர், பால் சேர்க்கிறவர், தபால்காரர், தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். மார்கழி, தை மாதக் குளிரில் விடிந்தும் விடியாமலும் மலையிறங்குகிறவர்கள். மற்றவர்களுக்குச் சப்பாத்து என்றால் அழகு. இவர்களுக்கு அழகெல்லாம் அப்புறம். விரல்கள் மரத்துப்போகாமல் பெடலில் நிற்கவேண்டும், அவ்வளவுதான். எனக்கும் அதே கவலைதான். என் வீட்டுக்காரர் நாலு மைல் பள்ளத்தில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். காலை பஸ் அந்தப் பக்கம் போகாது, சைக்கிள்தான். போன வருஷ மார்கழியில் குளிரில் விரல் மரத்து, பெடலில் கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் ஒரு வளைவில் விழுந்தார். தாடையில் மூன்று தையல். பிள்ளைக்கு அப்போது நாற்பது நாள். அன்றிலிருந்து கடையில் யாருடைய காலைப் பிடித்தாலும், என் வீட்டுக்கு வரவேண்டிய இரண்டு கால்கள்தான் ஞாபகத்துக்கு வரும்.

முழங்கால்

கடையில் சேர்ந்த முதல் வாரம். தேயிலை ஃபெக்டரியில் காவல் இருக்கிற ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். வேலைக்குச் சைக்கிளில் போய்வருகிறவர். அளவு பார்க்க நான் முழங்காலிட்டதும் காலைச் சட்டென்று பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். "காலத் தொடாதீங்கம்மா. நீங்க படிச்ச புள்ள. பாவம் எனக்குல்ல வந்து சேரும்!" நான் இந்தப் பக்கம் போனால் கால் அந்தப் பக்கம் போகும். கான்வென்டில் எட்டு வருஷம் முழங்காலிட்டுப் பழகியவள் நான் என்று சொன்னேன். ஜெபத்துக்கு ஒருதரம், வகுப்பில் பேசியதற்கு ஒருதரம், நகம் வெட்டாததற்கு ஒருதரம். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் காலை நீட்டினார்.

நீட்டியது வெறுங்கால். காலுக்கு மாட்டுகிற கம்பளி மேஸ் வீட்டில் இருக்கிறதாம், குளிருக்கு மட்டும் போடுவாராம். அன்றைக்கு முதலாளி எனக்கு முதல் பாடம் சொன்னார். குளிருக்குப் போடுகிற அந்தத் தடித்த மேஸைப் போட்டுக்கொண்டுதான் அளவு பார்க்க வேண்டும். அதுவும் பின்னேரத்தில், நடந்து திரிந்து கால் கொஞ்சம் ஊதியிருக்கும்போது. உள்ளே விரல் அசைய இடமில்லை என்றால் ரத்தம் ஓடாது. எத்தனை மேஸ் போட்டாலும் குளிர் போகாது. குதிகால் மட்டும் அசையக் கூடாது. அந்த மனிதர் மறுநாள் பின்னேரம் மேஸோடு வந்தார். ஏழாம் நம்பர் கால் எட்டாம் நம்பராகியிருந்தது. கல்லாவிலிருந்து எட்டிப்பார்த்த முதலாளி சொன்னார்: "சாமி முன்னுக்கு முட்டி போட்டா கேட்டது கெடைக்குமோ என்னவோ, கஸ்டமர் முன்னுக்குப் போட்டா சைஸ் கெடைக்கும்."

ஈர்க்கு

தோட்டத்துப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு வரும்போது புருஷனுடைய கால் அளவை விளக்குமாற்று ஈர்க்கில் ஒடித்துக்கொண்டு வருவார்கள். ஆளைக் கூட்டிவந்தால் இரண்டு பேருக்கு பஸ் காசு. ஈர்க்கு சும்மா வரும். கொழுந்து எடுக்கிற புஷ்பம் அக்காவும் அப்படித்தான் வந்தார். அவருடைய புருஷன் தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாகப் போய்ப் பால் சேர்த்து, இரண்டு கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு இறங்குகிறவர். ஈர்க்கை வைத்துப் பார்த்து ஒரு சோடி கொடுத்தேன். அடுத்த ஞாயிறு திரும்பி வந்தது: கடிக்கிறது. விசாரித்தால், அவர் கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டிருந்தபோது எடுத்த அளவு. தரையில் ஊன்றி நின்றால் கால் நீளும் அக்கா, நிற்க வைத்து, மேஸ் போட்டு எடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த ஈர்க்கு வந்தது. சப்பாத்தும் போனது. அதுவும் திரும்பி வந்தது: குதிகால் கழன்று கழன்று வருகிறது, பெடலில் நிற்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டு மனிதர் ஒன்றுக்கு இரண்டு மேஸ் போட்டு, நனையாமல் இருக்க நடுவில் பொலித்தீன் பையும் சுற்றிக்கொண்டு நின்றிருக்கிறார். மூன்றாவது ஈர்க்கு பஸ் நெரிசலில் நுனி ஒடிந்து, ஏழு வயதுப் பிள்ளையின் அளவில் வந்து சேர்ந்தது. புஷ்பம் அக்கா அழுகிற மாதிரி ஆகிவிட்டார். நாலாவது ஞாயிறு, வரமாட்டேன் வரமாட்டேன் என்று வாசலிலேயே பின்வாங்கிய மனிதரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்தாங்க தங்கச்சி, ஈர்க்கு வேணாம். மரத்தையே புடுங்கியாந்துட்டேன்."

பேப்பர்

எங்கள் தபால்காரர் சிங்களவர். தமிழ் நன்றாகவே பேசுவார், கொஞ்சம் தன் வழியில். வாங்கி இரண்டு மாதத்தில் சப்பாத்தின் அடிப்பாகம் முதலை வாய் மாதிரித் திறந்துவிட்டது என்று கொண்டுவந்தார். முகர்ந்து பார்த்தேன். புகை வாசம். நனைந்ததை இரவு முழுக்க அடுப்பங்கரையில் வைத்துக் காயப்போட்டிருக்கிறார். சூட்டுக்குப் பசை விட்டுவிடும், தோலும் வெடிக்கும். நாங்கள் ஓரமெல்லாம் தைத்த ஒரு சோடி எடுத்துக்கொடுத்து, நனைந்தால் உள்ளே பேப்பரைக் கசக்கித் திணியுங்கள், ஈரம் ஊறினதும் எடுத்துவிட்டு வேறு பேப்பர் வையுங்கள், அடுப்புப் பக்கமே கொண்டுபோக வேண்டாம் என்று சொன்னேன். அந்தக் குளிர்காலம் முடிய ஒருநாள் கடை வாசலில் சைக்கிளை நிறுத்திக் காலைத் தூக்கிக் காட்டினார். ஒரு தையல் விடவில்லை. "ஹரி நோனா, சரிதான் அம்மா," என்றார், "இப்ப நம்ம வீட்டில பேப்பர் முதல்ல சப்பாத்து வாசிக்கும், பொறவுதான் நான்."

வலதும் இடதும்

மழையும் பனியும் சேர்ந்தால் எங்கள் பாதையில் சைக்கிள் பிரேக் வழுக்கும். பின்னால் பாண் பெட்டி வேறு தள்ளும். அதனால் பாண்காரர்கள் காலைத் தரையில் தேய்த்துத்தான் சைக்கிளை நிறுத்துவார்கள். சப்பாத்தின் நுனி முதலில் தேயும். சின்னம்மா, பெரியம்மா பிள்ளைகளான இரண்டு பேர் எங்கள் வாடிக்கை. ராஜு வலது காலால் தேய்ப்பார். சின்னையா இடது காலால். நாலு மாதத்தில் ராஜுவிடம் நல்ல இடது சப்பாத்து மிஞ்சும், சின்னையாவிடம் நல்ல வலது. இருவருக்கும் எட்டாம் நம்பர். மிஞ்சிய இரண்டையும் சேர்த்தால் ஒரு சோடி! ஒருதரம் அவர், ஒருதரம் இவர் என்று அதை மாறி மாறிப் போட்டார்கள். இந்த யோசனை என்னுடையது என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. முதலாளிக்கு என்மேல் கோபம் உண்டு.

பிறகு எந்த லயத்துக்கு யார் பாண் போடுவது என்பதில் சண்டை வந்து, இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது. மிஞ்சும் சப்பாத்தை மட்டும் தனித்தனியாக என்னிடம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். ஒருநாள் ராஜுவின் முறை. சின்னையா விட்டுப்போன வலது சப்பாத்தைப் போட்டுப் பார்க்கிறதற்குமுன் திருப்பிப் பார்த்தார். அதுவும் நுனியில் தேய்ந்திருந்தது. இரண்டு காலாலும் தேய்க்கிறான் என்றால் சைக்கிளில் பிரேக்கே இல்லை என்றுதானே அர்த்தம்? ராஜு சப்பாத்தைப் பெஞ்சில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அவன ஒடனே பிரேக் கட்டைய மாத்தச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிறாதீங்க."

வாத்தியார் சப்பாத்து

ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று. என் வீட்டுக்காரருக்குச் சொல்லத்தான் ஒரு வருஷம் பிடித்தது. தையல் பிரித்த பிறகும் அவர் போட்டுக்கொண்டு போனது அதே வழுவழுப்பான கறுப்புச் சப்பாத்து. அடி கண்ணாடி மாதிரி. கான்வாஸ் காட்டினேன், தடித்த பூட்ஸ் காட்டினேன். "தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டப் போறவன் மாதிரி இருக்கு புள்ள" என்று தள்ளிவிட்டார். அவர் லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்து, வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போனவர். இன்றைக்குக் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற அப்பாமார்கள் வழியில் நின்று 'சார்' என்று கும்பிடும்போது, அவர்கள் பார்வை முதலில் அந்தச் சப்பாத்தில்தான் விழும். அது எனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அதிகம் சண்டை போட முடியவில்லை.

கடைசியில் கடைக்கு ஒரு பெட்டி வந்தது. கறுப்பு. கணுக்கால் வரை உயரம். விரல் பக்கம் அகலம். அடியில் வெட்டு வெட்டாக ரப்பர். ஓரமெல்லாம் தையல். நாடா இல்லை, பக்கத்தில் இலாஸ்டிக். சங்கிலியில் சிக்க எதுவுமில்லை. பின்னேரம் வரைக்கும் காத்திருந்து, கம்பளி மேஸ் போட வைத்து, வீட்டிலும் முழங்காலிட்டு அளவு பார்த்தேன். மூன்றுதரம் பொலிஷ் போட்டேன். அவர் முகம் பார்த்துக்கொள்கிற அளவுக்கு மின்னியது. அப்புறம்தான் சரி என்றார். முதல்நாள் போய்விட்டு வந்து, மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று முறையிட்டதாகச் சொன்னார்: "சார், இந்தச் சப்பாத்து சத்தமே போட மாட்டேங்குது. நீங்க வர்றது தெரியாம நாங்க எப்படி சார் புத்தகத்த எடுக்கிறது?"

குதிகால்

காலை ஆறு மணிக்குப் புறப்படுவார். முன்பெல்லாம் ஆறரை, பள்ளிக்கூடத்துக்குப் புது அதிபர் வந்து கெடுபிடி என்று அரை மணி முன்னதாகவே கிளம்பத் தொடங்கியிருந்தார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலில் நிற்பேன். யூகலிப்டஸ் மரங்கள் நிற்கிற வளைவு வரைக்கும் சைக்கிள் தெரியும். அதற்கப்புறம் பனிமூட்டம். அதற்கப்புறம் என் மனசு. விழுந்து கிடப்பதாகவும், லொறி வருவதாகவும், சோதனைச் சாவடியில் நிறுத்தி வைத்திருப்பதாகவும் பின்னேரம் வரைக்கும் அது எதையாவது காட்டிக்கொண்டே இருக்கும். கடையில் நம்பர் மாற்றி மாற்றி எடுத்துக்கொடுத்து முதலாளியிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். பயந்தாங்கொள்ளி என்று நீங்களும் சொல்லலாம்.

ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பொலிஷ் போட எடுத்தவள் அடியைத் திருப்பிப் பார்த்தேன். எந்தக் காலால் தேய்த்து நிறுத்துகிறார், இன்னும் எவ்வளவு ரப்பர் மிச்சம் என்று பார்க்கத்தான். நுனி புதுசாகவே இருந்தது. நடுவில் பெடல் உரசிய தடமும் லேசாகத்தான் இருந்தது. தேய்ந்திருந்தது குதிகால். சைக்கிள்காரரின் குதிகால் தேயாது, சகோதரிகளே. நடக்கிறவர் குதிகால்தான் தேயும். சைக்கிள் என்ன ஆனது? இவர் எங்கே நடக்கிறார்? பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறாரா? வேலைக்கு ஏதாவது வந்து, சொல்லாமல் மறைக்கிறாரா? பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தவர் முன்னால் சப்பாத்தைக் கவிழ்த்து வைத்தேன். "உண்மையச் சொல்லுங்க" என்றேன்.

அவர் சப்பாத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கடைக்காரியக் கட்டிக்கிட்டா ஒரு பொய்யும் சொல்ல முடியாது போல" என்று சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார். வளைவு வரைக்கும் ஓட்டுவாராம், நான் பார்ப்பேன் என்று. வளைவு தாண்டினதும் இறங்கிவிடுவாராம். இரண்டரை மைல் பள்ளம் முழுக்கச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து, சமமான பாதை வந்ததும் ஏறிக்கொள்வாராம். அரை மணி முன்னதாகக் கிளம்பியது அதற்குத்தான். அதிபர் பாவம், ஒன்றும் சொல்லவில்லை. "அப்ப இந்தச் சப்பாத்து எதுக்கு? நான் எதுக்கு இவ்வளவு பாடுபட்டேன்?" என்று கேட்டேன். தவழ்ந்து வந்து மேசைக் காலைப் பிடித்து நின்ற பிள்ளையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "இவன் பொறந்ததுல இருந்து எனக்கும் பயமாத்தான் இருக்கு புள்ள. நானும் பயப்படுறேன்னு தெரிஞ்சா நீ எங்க போய் நிப்ப?"

இப்போது வளைவுக்கு முன்னாலேயே, நான் பார்க்கும்படியாகவே இறங்கி நடக்கிறார். இத்தனை சைக்கிள்காரர்களுக்குப் பார்த்துப் பார்த்துக் கொடுத்துவிட்டு, சொந்த வீட்டில் மட்டும் ஒரு நடைக்காரருக்குச் சைக்கிள் சப்பாத்தை விற்றவள் நான்தான் என்றாலும், சைஸ் மட்டும் சரியாக இருக்கிறது.