அண்ணி தலைக்குள் ஆடிய ஆட்டம்

என் அண்ணி தையல்காரி. அவள் தைத்த சட்டையில் குறை கண்டுபிடிப்பவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும். சதுரங்கத்தில்தான் அவளுக்குத் தீராத வயிற்றெரிச்சல். எங்கள் தெரு கிளப்பின் இறுதி ஆட்டத்தில் வருடா வருடம் ஒரு பஸ் டிரைவரிடம் மண்ணைக் கவ்வுவாள். மூன்று நகர்வு வரைக்கும் மனதில் பளிச்சென்று தெரியும்; நான்காவதில் காய்கள் எல்லாம் கலங்கிப்போய்விடும். இந்த முறையும் தோற்றால் இனி ஆட்டத்தையே தொடுவதில்லை என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிற ஆள். எனக்கே பயமாக இருந்தது.

பலகையைத் தூக்கிப் பரண்மேல் போட்டாள். இனி ஆட்டம் தலைக்குள்தான். அண்ணன் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே தன் நகர்வைக் கத்துவான். அண்ணி மெஷினை மிதித்துக்கொண்டே பதிலுக்குக் கத்துவாள். நடுவில் எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருந்ததே பெரிய விஷயம். ஒருநாள் அளவு கொடுக்க வந்தவரின் தோளில் டேப்பை வைத்தபடி, "சிப்பாய், ரெண்டு கட்டம் முன்னாடி" என்றாள். அந்த மனிதர் மறுபேச்சில்லாமல் இரண்டு தப்படி முன்னால் வந்தார்.

இறுதி ஆட்டத்தன்று கிளப்பில் நிற்க இடமில்லை. ஆட்டம் பாதி ஓடியதும் அண்ணி வெகுநேரம் கண்ணை மூடியிருந்தாள். திடீரென்று எழுந்து, முகமெல்லாம் பல்லாக டிரைவரிடம் கையை நீட்டினாள்.

"நல்லா ஆடினீங்க தம்பி."

டிரைவர் பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "என்னக்கா, தோத்துட்டேன்னு ஒத்துக்கறீங்களா?"

"நானா? செக்மேட் ஆயிடுச்சேப்பா." குனிந்து பார்த்தாள். காய்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. மனதில் ஆடி முடித்ததைப் பலகையில் ஆட மறந்திருக்கிறாள், புண்ணியவதி.

நடுவர் பேனாவைத் திறந்துவிட்டார். பாதி ஆட்டத்தில் கை நீட்டினால் தோல்வி, அதுதான் கிளப் வழக்கம். அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து முட்டின.

"இருங்க சார், நான் இன்னும் கை குடுக்கல," என்றார் டிரைவர். "எங்க மேட்டுன்னு தெரியாம போனா எனக்குத் தூக்கம் வராது. ஆடுங்கக்கா."

அண்ணி ஆடினாள். குதிரையால் செக். மறுபடியும் குதிரையால் செக். ராஜா மூலைக்கு ஓடியது. ராணியைக் கொண்டுபோய் அதன் பக்கத்திலேயே வைத்தாள், வெட்டிக்கொள் என்று. வேறு வழியில்லாமல் டிரைவரின் யானை வெட்டியது. தன் காய்களே ராஜாவைச் சுற்றி அடைத்து நிற்பதை அப்போதுதான் அவர் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தபடி கையை நீட்டினார்.

அண்ணி அதை வாங்கவில்லை.

"இருங்க தம்பி, நாலாவது நகர்வு இன்னும் பாக்கி இருக்கு. அதக் கண்ணால ஒரு தடவ பாத்துக்கறேன்," என்று குதிரையை எடுத்தாள்.