சர்க்கரை தனியாக

உலகத்தில் என்னை வியக்கவைத்தவற்றை வீட்டுப்பாட நோட்டின் கடைசிப் பக்கத்தில் எண் போட்டு எழுதிவைத்திருந்தேன். அப்பாவின் தொழிற்சாலையிலிருந்து சோதனை ஓட்டத்துக்கு வெளியே வரும் டாங்கிக்கே இரண்டாம் இடம்தான். முதலிடம், ஆவடி ஸ்டேஷன் எதிரே இருந்த ஹோட்டலின் சர்வர் அண்ணனுக்கு.

காலை ஷிஃப்ட் ஆட்களுக்கு இட்லி அவிக்கத் தொடங்கினால் அங்கே அடுப்பு அணைவதே இல்லை. அத்தனை நெரிசலிலும் அவர் கையில் காகிதமோ பென்சிலோ இருக்காது. நான்கு மேசைக்காரர்கள் கேட்டதையும் மூச்சு விடாமல் உள்ளே கூவுவார். மணிக்கட்டிலிருந்து தோள்வரை தட்டுகளை அடுக்கிவந்து, யாருக்கு எது என்று கேட்காமலே வைப்பார். பல மாதம் கழித்து வருகிறவரிடமும், "அதே பொடி தோசதான சார், எண்ண கம்மியா?" என்பார். ஒருநாளும் தப்பியதில்லை.

நாங்கள் இருந்த தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் புது மனிதர்கள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் சாயங்காலத்துக்குள் பிளாக் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் எங்களோடு தங்கி அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சித்தியைப் பெண் பார்க்க வருகிறவர்களை, அப்பா அந்த ஹோட்டலின் ஃபேமிலி ரூமுக்கு வரச்சொல்வார். என்னிடம், டிபன் சாப்பிடப் போகிறோம் என்று மட்டும் சொல்வார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது டிபன்.

எதிரே ஒரு அம்மாளும் அவர் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். சித்தி தலை நிமிரவில்லை.

"பொண்ண இதுக்கு முன்னாடி யாராச்சும் பாத்துட்டு வேணாம்னு போயிருக்காங்களா? அது மட்டும் எங்களுக்கு ஆவாது" என்றார் அந்த அம்மாள்.

"சேச்சே, நீங்கதாங்க மொதல்ல" என்றார் அப்பா.

அப்போதுதான் திரையை விலக்கிக்கொண்டு சர்வர் அண்ணன் வந்தார். புதியவர்களுக்கு அவருடைய திறமையைக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பரபரப்பு.

"அண்ணா, போன தடவ இதே ரூம்ல சித்தி என்ன சாப்ட்டாங்க, சொல்லுங்க?"

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அப்பா தண்ணீர்த் தம்ளரை எடுத்தார், குடிக்கவில்லை. சர்வர் அண்ணன் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, தமாஷ் பண்றியா? உன்னியே இன்னிக்குத்தான் மொத தபா பாக்கறேன். வேற ஹோட்டலுக்குப் போய்ட்டு இங்கனு சொல்லிக்கினு கீற!"

எதிரிலிருந்த அம்மாள் சிரித்துவிட்டார். "கொழந்தைங்களே இப்படித்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் பெயரில்லாவிட்டால் போகிறது, என் பூரியைக்கூடவா மறப்பார்?

கடைசியில் காபி வந்தது. ஐந்து தம்ளர்களில் கலந்த காபி. சித்திக்கு மட்டும் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் சர்க்கரை தனியாக. சித்தி எப்போதும் அப்படித்தான் கேட்பாள். அன்று வாயே திறக்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்ததும் முதல்முறையாகத் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் அதற்குள் அடுத்த மேசைக்கு ஊத்தப்பம் கூவிக்கொண்டிருந்தார்.

தை மாதம் அந்த அம்மாளின் மகனோடு சித்திக்குக் கல்யாணம் நிச்சயமானது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து, சர்வர் அண்ணன் என்பதை அடித்துவிட்டு டாங்கியை முதலிடத்துக்கு ஏற்றினேன். காரணம்: ஞாபகசக்தி குறைந்துவிட்டது. சர்க்கரைக் கிண்ணம் மட்டும் எந்த வரியிலும் அடங்கவில்லை. அதற்கு ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.